கிளைப்பாதைக்கு முதலில் ஒரு வருடம் குறியுங்கள்

கேள்வி: நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். வீட்டில் ஓர் அறையின் சுவரோரமாக எட்டடி நீளம், ஒன்றரை அடி அகலத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இருந்த ஒரு கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே கிளைப்பாதையின் கடைசி நிலையத்தை ஓஓ அளவு (நிஜத்தில் சுமார் 76-ல் ஒரு பங்கு) மாடலாகச் செய்ய ஆசை. 1420 என்ற எண்ணும் சிங்கச் சின்னமும் போட்ட ஒரு கறுப்பு டேங்க் எஞ்சின் (தண்ணீரைத் தன் மேலேயே சுமக்கும் வகை), சிவப்பு-கிரீம் நிறத்தில் இரண்டு பயணிகள் பெட்டிகள், பத்து சரக்கு வேகன்கள் எல்லாம் செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டேன். இவை அந்தக் காலத்துக்குப் பொருந்துமா? இடம் போதுமா?

பதில்: இடம் போதும். வாங்கிய பொருட்களில் எஞ்சினைக் காப்பாற்றிவிடலாம், பெட்டிகளைக் கொடுத்துவிட வேண்டியதுதான், வேகன்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. "போர்களுக்கு நடுவே" என்பது இருபத்தோரு வருடம். அதற்குள் எவ்வளவோ மாறிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் 1923 ஜனவரி 1 அன்று நான்கே பெரிய கம்பெனிகள் ஆயின. எச்சரிக்கைக் கைகாட்டியின் சிவப்புக் கை மஞ்சளானதும் 1920-களின் பிற்பகுதியில்தான். அதனால் ஒரே ஒரு வருடத்தைக் குறியுங்கள். நான் 1935 கோடையைச் சொல்வேன். ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் "1935 ஆகஸ்டில் இது இருந்திருக்குமா?" என்று கேட்டால் போதும். அந்தத் தேதிக்குப் பிறகு வந்தது எதுவும் உங்கள் மாடலில் ஏறக் கூடாது. முன்னால் வந்தது தாராளமாக ஏறலாம், ஏனென்றால் எந்த வருடத்திலும் கண்ணில் படுவதில் பெரும்பகுதி பழசுதான்.

இப்போது உங்கள் எஞ்சின். கிளைப்பாதைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது, ஆனால் எண் தவறு. இந்த வகை எஞ்சின்கள் 1932-ல் வந்தபோது 4800 வரிசை எண்களைத்தான் தாங்கியிருந்தன. 1946-ல்தான் அவற்றுக்கு 1400 வரிசை கொடுத்தார்கள். உங்கள் 1420, 1935-ல் 4820. நானும் என்னுடைய 1930-கள் நிலையத்தில் 14-ல் தொடங்கும் எண்ணோடு இரண்டு வருடம் எஞ்சின் ஓட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர் எண் பலகையை விரலால் தொட்டுக் காட்டிய பிறகுதான் புரிந்தது. அன்றிலிருந்து எந்த எஞ்சின் வாங்கினாலும் முதலில் எண்ணைத்தான் சரிபார்க்கிறேன்.

சிங்கச் சின்னமும் கறுப்பு நிறமும் 1948-ல் ரயில்வே நாட்டுடைமை ஆன பிறகு வந்தவை. எஞ்சினைப் பச்சையில் முழுசாகப் பெயின்ட் அடிக்க வேண்டும். புகைப்பெட்டிக் கதவில் சின்ன எண் பலகை ஒன்று ஒட்டியிருக்கும். அதுவும் பிற்காலத்து வழக்கம், கூரான பிளேடால் மெதுவாகச் சீவி எடுத்துவிடுங்கள். கிரேட் வெஸ்டர்ன் காலத்தில் முன்பக்க எண்ணைச் சிவப்புப் பஃபர் கட்டையில் (எஞ்சினின் முன்பக்கக் குறுக்குக் கட்டையில்) எழுதினார்கள், பக்கவாட்டில் பித்தளைப் பலகை இருந்தது. மெல்லிய பித்தளையில் அரித்தெடுத்த 4820 பலகைகள் கிடைக்கும். தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் என்ன எழுதுவது? 1934 முதல் ஜி.டபிள்யூ.ஆர். என்ற மூன்று எழுத்தையும் பின்னிய வட்டச் சின்னத்தைப் போட ஆரம்பித்தார்கள். ஆனால் 4820 கட்டப்பட்டது 1933-ல். இரண்டே வருடத்தில் மறுபடி பெயின்ட் அடித்திருக்க வாய்ப்பு குறைவு. அதனால் 'கிரேட் வெஸ்டர்ன்' என்று முழுப்பெயரை எழுதுவதே சரி. இப்படி ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு போனால் பெயின்ட் வேலைகூடத் தானாகவே முடிவாகிவிடும்.

சிவப்பு-கிரீம் நிறம் 1949-ல் வந்தது. பெட்டிகளே 1951 முதல் வந்த மார்க் ஒன் வகை என்றால் வேறு நிறம் அடித்தும் பயனில்லை. விற்றுவிட்டு, சாக்லேட்-கிரீம் நிறத்தில் ஒரே ஒரு ஆட்டோகோச் வாங்குங்கள். அதன் ஒரு முனையில் ஓட்டுநருக்கு இடம் உண்டு. திரும்பும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், ஓட்டுநர் பெட்டி முனையில் நின்று கட்டுப்படுத்துவார், தீயாள் எஞ்சினிலேயே இருப்பார். எஞ்சினைச் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்டும் வேலையே இல்லை. எஞ்சினும் பெட்டியும் சேர்ந்து சுமார் 37 செ.மீ. தான். 45 செ.மீ. பிளாட்பாரம் போதும்.

சரக்கு ரயிலுக்குச் சுற்றுப்பாதை வேண்டும், அதாவது எஞ்சின் வேகன்களைச் சுற்றி மறுமுனைக்கு வர ஒரு பக்கத் தடம். ஒரு வேகன் சுமார் 8 செ.மீ. ஐந்து வேகனும் கடைசியில் கார்டு வரும் ஒரு பிரேக் வேனும் 51 செ.மீ. தடம் மாற்றும் நடுத்தர வளைவுப் பாயிண்ட் இரண்டுக்கு 44, முனையில் எஞ்சின் நிற்க 15, ஆக 110 செ.மீ. காட்சிப் பகுதிக்கு 165 ஒதுக்கினாலும் எட்டடியில் இன்னும் 79 மிஞ்சும். அதுதான் ரயில்கள் மறைந்து நிற்கும் இடம். 64 செ.மீ. வரும் சரக்கு ரயில் அதில் முழுசாக நின்றுவிடும். தண்டவாளம் வாங்கும்போது அந்தக் கால பிரிட்டிஷ் பாதைகளில் இருந்த புல்ஹெட் வகை கேளுங்கள். சாதாரண ஓஓ தண்டவாளத்தில் கட்டைகள் நெருங்கிக் கிடக்கும், பக்கத்திலிருந்து பார்த்தாலே பிரிட்டிஷ் பாதை இல்லை என்று தெரிந்துவிடும்.

சரி, வேகன்கள். இரும்பில் செய்த 16 டன் நிலக்கரி வேகன் போரையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்ந்தது, எடுத்துவிடுங்கள். எண்ணுக்கு முன்னால் எம், இ, டபிள்யூ, எஸ் என்று எழுத்து இருந்தால் அது 1948-க்குப் பிந்தைய எண். ஜி, டபிள்யூ என்று இரண்டு பெரிய எழுத்து போட்ட சாம்பல் நிற மரவேகன் சரியானது, 1936-ல்தான் அந்த எழுத்துகளைச் சிறிதாக்கினார்கள். நான்கு பெரிய கம்பெனிகளில் மற்ற இரண்டான எல்.எம்.எஸ்., எல்.என்.இ.ஆர். வேகன்களும் ஒன்றிரண்டு கட்டாயம் வேண்டும், திறந்த வேகன்கள் கம்பெனி பாராமல் நாடு முழுக்கச் சுற்றின. நிலக்கரி பெரும்பாலும் சுரங்கக்காரர்களின், வியாபாரிகளின் சொந்த வேகன்களில் வந்தது, பக்கவாட்டில் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அழகாக இருக்கிறதே என்று தென்கிழக்கில் இருக்கும் கென்ட் வியாபாரியின் வேகனைத் தென்மேற்கு டெவன் கிராமத்தில் நிறுத்தாதீர்கள். தெற்கு வேல்ஸ் சுரங்கப் பெயராகப் பாருங்கள். வெறும் வேகனாக ஓட்டினால் உட்புறப் பலகைக்குப் பெயின்ட் வேண்டாம். வெயிலில் வெளுத்த மரச் சாம்பல் நிறமடித்து, மூலைகளில் மட்டும் கரித்தூள் ஒற்றுங்கள்.

கடைசியாக, நிலையத்துக்கு வெளியே. சிவப்பு டெலிபோன் கூண்டு வைக்காமல் இருக்க முடியாது என்பார்கள். கடைகளில் அதிகம் கிடைக்கும் கே6 வகைக் கூண்டு 1936-ல்தான் தெருவுக்கு வந்தது. அந்த இடத்தில் நாலைந்து பால் கேன்களை வையுங்கள். 17 காலன் கேன் மேலே போகப் போகக் குறுகும். போர்ட்டர் அதைத் தூக்கிப் போக மாட்டார், விளிம்பில் சாய்த்து உருட்டிப் போவார். பொம்மையைப் பக்கத்தில் நிறுத்தும்போது கேனையும் கொஞ்சம் சாய்த்து ஒட்டுங்கள். அப்புறம் அவர் தலையில் தொப்பி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.