முதுகில் ஜவ்வு விலகினால் வலி ஏன் காலில் இறங்குகிறது?

இடுப்புப் பகுதியில் 5 முதுகெலும்புகள் உள்ளன. ஒவ்வோர் எலும்புக்கும் இடையில் இருக்கும் மெத்தைதான் டிஸ்க், நாம் ஜவ்வு என்பது. வெளியே நார்போல் உறுதியான வளையம், உள்ளே கூழ்.

பர்மியப் புத்தாண்டான திஞ்ஜான் தண்ணீர்த் திருநாளில் ரங்கூன் தெருக்களில் வேகவைத்துத் தரும், உள்ளே வெல்லம் வைத்த மாவு உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு கீறினால் வெல்லப்பாகு ஒரு பக்கமாகப் பிதுங்கும். டிஸ்க்கும் அப்படித்தான். வயது, பரம்பரை, குனிந்து மூட்டை தூக்குவது போன்ற காரணங்களால் வளையம் பலவீனமாகி, கூழ் பிதுங்கி நரம்பின் வேரை அழுத்தும்; அங்கே வீக்கமும் எரிச்சலும் உண்டாகும். அந்த வேர்கள் சேர்ந்து உருவாவதுதான் சயாட்டிக் நரம்பு, உடலிலேயே தடித்தது. அது பிட்டம் வழியாகக் காலுக்குப் போகிறது. கோளாறு இடுப்பில் இருந்தும், கெண்டைக்காலோ பாதமோ சுரீரென்று இழுப்பதும் மரத்துப்போவதும் இதனால்தான். இதையே சயாட்டிகா என்கிறோம்.

பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில், அறுவை சிகிச்சை இல்லாமலே வலி தணிகிறது. பிதுங்கிய கூழை உடலே மெல்லக் கரைத்துவிடுவதும் உண்டு. நாள்கணக்கில் படுத்தே கிடக்காதீர்கள், தாங்குமளவு நடங்கள். டீக்கடையின் குட்டை முக்காலியில் நெடுநேரம் குந்துவதை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். ஆனால் சிறுநீர் அடைத்தாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

‘விலகல்’ என்ற சொல்லால் பலர் ஏமாறுகிறார்கள்: டிஸ்க் இடம்விட்டு நழுவுவதில்லை, ஆகவே முதுகை மிதித்தோ நெட்டி முறித்தோ அதை உள்ளே தள்ள முடியாது.