கீமோவுக்குப் பிறகு கவுண்ட் ஏறுவதற்கு முன்பே ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாமா?

உங்கள் கேள்வி இதுதான்: அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய். கீமோவுக்குப் பிறகு வெள்ளணுக்கள் இறங்கியிருந்த நேரத்தில் காய்ச்சல் வந்தது, உடனே மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்கை ஏற்றினார்கள். இப்போது நான்கு நாட்களாகக் காய்ச்சல் இல்லை, கல்ச்சரிலும் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கிருமி வளரவில்லை. கவுண்ட், அதாவது வெள்ளணுக்களின் எண்ணிக்கை, இன்னும் ஏறவில்லை, ஆனாலும் மருந்தை நிறுத்தப்போவதாக டாக்டர் சொல்கிறார். செலவைப் பார்த்துக் கைவிடுகிறார்களோ என்று பயப்படுகிறீர்கள்.

ரத்தப் புற்றுநோய் வார்டில் செவிலியராக இருக்கிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் டாக்டர் கைவிடவில்லை. கவனமாக எடுத்த முடிவாகவே தெரிகிறது.

முதல் டோஸை அவ்வளவு அவசரமாகப் போட்டதற்குக் காரணம் உண்டு. கிருமியோடு போராடும் வெள்ளணு வகையான நியூட்ரோஃபில் 500க்குக் கீழே போனவருக்குச் சீழ் பிடிப்பதே அரிது. கிருமியோடு போராடி மடிந்த வெள்ளணுக்கள் சேர்ந்துதானே சீழ் ஆகிறது? அணுக்களே இல்லாதபோது புண் சீழ் வைக்காது, எக்ஸ்ரேயிலும் நிழல் விழாமல் போகலாம். பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். ஒருமுறை 101 டிகிரி காட்டினாலோ, 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ, அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மருந்து நரம்பில் ஏறியாக வேண்டும். கல்ச்சர் முடிவுக்குக் காத்திருந்த காலத்தில், முடிவு வருவதற்குள் பலர் இறந்துபோனார்கள். காத்திராமல் தொடங்கும் வழக்கம் 1970களில்தான் வேரூன்றியது.

ஆனால் மருந்துக்கு முன்பே கல்ச்சர் எடுத்துவிட வேண்டும், லைனிலிருந்து (மருந்து ஏற்றப் பெரிய நரம்பில் பொருத்திய குழாய்) ஒரு ஜோடி பாட்டில் ரத்தம், கை நரம்பிலிருந்து ஒரு ஜோடி. பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஊசி குத்தும் தோலையும் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, ஈரம் தானாக உலரும்வரை கை கட்டி நிற்க வேண்டும். நோயாளி குளிரில் நடுங்கிக்கொண்டிருக்க, உறவினர்கள் சுற்றி நின்று பதறும்போது அந்த அரை நிமிடம் மிக நீளமாகத் தெரியும். பொறுக்காமல் குத்தினால் தோலில் இருக்கும் கிருமி பாட்டிலுக்குள் போய்விடும். பிறகு இல்லாத தொற்றுக்கு வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் நாள்கணக்கில் ஓடும். பொறுப்பான ஆன்டிபயாடிக் பயன்பாடு என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த அரை நிமிடம்தான்.

இனி உங்கள் பயம். "சிஸ்டர், கவுண்ட் நூறுதான் இருக்கிறது, இருக்கிற காவலையும் எடுத்துவிட்டால் எப்படி?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கீமோ குடலின் உள்சுவரையும் புண்ணாக்குகிறது. ரத்தத்துக்குள் நுழையும் கிருமிகளில் பெரும்பங்கு அவரவர் குடலிலிருந்தே வருகின்றன. மெரோபெனம் நீளநீள, குடலில் இருக்கும் சாதுவான கிருமிகள் அழிந்து, அந்த மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா போன்றவை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அடுத்த சுற்று கீமோவில் கவுண்ட் மறுபடி இறங்கும்போது ரத்தத்துக்குள் வருவது அவைதான். அப்போது கையில் மிஞ்சுவது கோலிஸ்டின் போன்ற ஓரிரு மருந்துகள். அதுவோ சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ஆகவே இன்று தேவையின்றி ஓடும் ஒவ்வொரு டோஸும் உங்கள் அப்பாவின் அடுத்த சுற்றைத்தான் பாதிக்கும். ஊருக்கு நல்லது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஸ்பெயினில் 6 மருத்துவமனைகளில் 157 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். 72 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் உடல்நிலையும் தேறியவர்களில் ஒரு பிரிவினருக்கு, கவுண்ட் ஏறக் காத்திராமல் மருந்தை நிறுத்தினார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் நாட்களும் கூடவில்லை, இறப்பும் கூடவில்லை. கல்ச்சரில் கிருமி வளர்ந்திருந்தாலோ, நிமோனியா போல இடம் தெரிந்த தொற்று இருந்தாலோ கணக்கு வேறு. அப்போது அந்தத் தொற்றுக்கு உரிய நாட்கள் முழுவதும் மருந்து போக வேண்டும்.

டாக்டரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். நிறுத்திய பிறகு ஓரிரு நாள் வார்டிலேயே வைத்துப் பார்ப்பார்களா? தடுப்புக்கான மாத்திரை ஏதாவது தொடர வேண்டுமா? வீட்டுக்குப் போனபின் தெர்மாமீட்டர் தலைமாட்டிலேயே இருக்கட்டும். உடம்பு சுட்டால் பாராசிட்டமால் கொடுத்து அடக்காதீர்கள், மருந்துக்கடையில் அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். முதலாவது காய்ச்சலை மறைத்துவிடும், இரண்டாவது கல்ச்சரைக் கெடுத்துவிடும். நள்ளிரவானாலும் நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். வாசலிலேயே "கீமோ நோயாளி, கவுண்ட் குறைவு, காய்ச்சல்" என்று சொல்லிவிடுங்கள், வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள்.