ஆலோசகர் இருக்கும் கல்லூரிக்குச் சமூகப் பணியாளரும் தேவையா?

உங்கள் கல்லூரியில் ஏற்கெனவே உளவியல் ஆலோசகர் இருக்கிறார், சமூகப் பணியாளர் ஒருவரையும் நியமிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாக வளாகத்தில் இந்த வேலையைப் பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், கட்டாயம் வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு மாணவர் வந்தார். தூக்கமில்லை, வகுப்புக்குப் போகப் பிடிக்கவில்லை என்றார். மன அழுத்தம் என்று நினைத்து, ஆலோசகரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் போகவில்லை. சில வாரம் கழித்து விடுதிக் காப்பாளர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. ஒரு சான்றிதழ் குறைந்ததால் உதவித்தொகை நின்றிருக்கிறது. ஃபீஸ் கட்ட முடியாமல் தேர்வுப் பதிவும் முடங்கிவிட்டது. அதைச் சமாளிக்க இரவு வேலைக்குப் போயிருக்கிறார். பிறகு தூக்கம் எங்கிருந்து வரும்? மனசு எப்படி இருக்கிறது என்று கேட்ட நான், கையில் பணம் இருக்கிறதா, சாப்பிட்டீர்களா, இரவு எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஆலோசகரின் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் மனதோடு வேலை செய்கிறார். நாங்கள் அந்த மனிதரையும் அவரைச் சுற்றி இருப்பதையும் சேர்த்துப் பார்க்கிறோம். குடும்பம், வருமானம், வீடு எல்லாவற்றையும் விசாரித்துத்தான் ஒருவருடைய பிரச்சினையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று சமூகப் பணித் துறையின் முன்னோடியான மேரி ரிச்மண்ட் 1917-லேயே விரிவாக எழுதிவிட்டார்.

நடைமுறையில் இது பெரும்பாலும் கூடவே நடக்கும் வேலை. உடைந்துபோன நிலையில் இருக்கும் மாணவரிடம் நாலு அலுவலகத்தின் பெயரைச் சொல்லி அனுப்பினால், முதல் கவுண்டரிலேயே திரும்பி வந்துவிடுவார். அதனால் நானே போன் செய்கிறேன், கூடப் போகிறேன், விண்ணப்பத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புகிறோம். ஒரு வாரம் கழித்து என்ன ஆயிற்று என்று கேட்கிறேன். இந்தக் கடைசி வேலையைத்தான் மற்ற எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

உயிர் ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் சுற்றி வளைக்காமல் கேட்போம்: "தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் வருகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விட மாட்டோம். உடனடி ஆபத்து இருந்தால் மருத்துவ உதவிதான் முதலில். மற்றபடி, அவருடைய வார்த்தையிலேயே ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவோம். எந்த அறிகுறி தெரிந்தால் உஷாராக வேண்டும், யாரைக் கூப்பிடலாம், ஆபத்தான பொருட்களை எப்படித் தள்ளி வைக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். மாணவர் சொல்வதை ரகசியமாக வைப்போம், ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் அப்படி வைக்க முடியாது. அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் துரோகமாகத் தெரியும்.

அப்புறம், ஒரே செமஸ்டரில் ஐந்து பேர் ஒரே சிக்கலோடு வந்தால், கோளாறு கல்லூரியின் விதிமுறையில் இருக்கிறது என்று அர்த்தம். அதை நிர்வாகத்திடம் எடுத்துப் போவதும் எங்கள் வேலை. பசியோடு படிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள் 1993-ல் தாங்களே ஒரு உணவு வங்கி தொடங்கினார்கள். அறைக்குள் பேசி மட்டும் தீர்க்க முடியாத பிரச்சினை அது.

நியமிப்பது என்று முடிவானால் இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். நெருக்கடி நேரத்தில் அலைய வைக்காமல் கொடுக்க, சிறிதாக ஓர் அவசர நிதி வேண்டும். அடுத்தது அறை. ஒழுங்கு நடவடிக்கைக் குழு உட்காரும் அதே வராந்தாவில் அதைக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே கதவைத் தட்டவே மாணவர்கள் பயப்படுவார்கள்.