சத்தத்துக்குப் பயப்படும் மகளை வீரரோடு மைதானத்துக்குள் அனுப்பலாமா?

வணக்கம். ஆறு வயது மகள் கால்பந்து வீரரின் கைபிடித்து மைதானத்துக்குள் நடக்கத் தேர்வாகியிருக்கிறாள், ஆனால் கூட்டத்தின் இரைச்சலை நினைத்தே அழுகிறாள், மறுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு மறுக்காதீர்கள்.

அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததுதான் இந்த வயதில் பெரிய பயம். உள்ளே போகும் வழியில் காத்திருப்பது, வீரர் வந்து கைபிடிப்பது, நடந்துபோய் வரிசையாக நிற்பது, அப்புறம் பொறுப்பாளர் வெளியே கூட்டிவருவது என எல்லாவற்றையும் வீட்டில் விளையாட்டாக நடித்துப் பாருங்கள். சர்வதேச ஆட்டம் என்றால் தேசிய கீதங்கள் முடியும்வரை நிற்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன்பே அவள் திரும்பிவிடுவாள் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். உலகக் கோப்பை ஆட்டங்களின் தொடக்கக் காணொளிகளைக் காட்டுங்கள், முதலில் சத்தமில்லாமல், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி.

சத்தத்தைக் குறைக்கும் காதுமூடி அணியலாமா என்று ஏற்பாட்டாளர்களிடம் இப்போதே கேளுங்கள். நடப்பதைவிடக் காத்திருப்பதுதான் நீளம், அதனால் அந்த நேரத்தில் நீங்கள் கூட இருக்க முடியுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம்.

கடைசி நிமிடத்தில் வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிடுங்கள். அதை அவளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.