கண்டிச் சீமையில் ஸ்டியரிங் பிடிக்க வருகிறவர்களுக்கு

கோயம்புத்தூர் லைசன்ஸும் இன்டர்நேஷனல் பெர்மிட்டும் கையில் இருக்கின்றன. நுவரெலியா வரை நானே ஓட்ட இவை போதாதா?

போதாது. அந்தப் பெர்மிட் புத்தகம் உங்கள் ஊர் லைசன்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரிதான். இலங்கையில் அதை ஏற்று இன்னொரு அனுமதி தர வேண்டும். கொழும்பில் சிலோன் ஓட்டோமொபைல் சங்கத்தில் அங்கீகாரம் பெறலாம், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக லைசன்ஸ் எடுக்கலாம். 2025 ஆகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே திணைக்களத்துக்குக் கவுண்டர் இருக்கிறது. லண்டனில் இருந்து வருபவர்கள் பெர்மிட் எடுக்கும்போது '1949' (அந்த ஆண்டு உடன்படிக்கையின்படியான வகை) என்று கேட்டு வாங்குங்கள். அங்கே 1968 வகையும் கொடுக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டுவதென்றால் உங்கள் லைசன்ஸில் அந்த வகுப்பு இருக்க வேண்டும்.

அந்த அனுமதி இல்லாவிட்டாலும், வாடகைக்குக் கொடுப்பவர் "பரவாயில்ல, எடுத்துட்டுப் போங்க" என்பார். பொலிஸ் மறித்தால் தண்டத்தோடு போய்விடும். எங்காவது இடித்துவிட்டால் காப்புறுதிக்காரர் கைவிரிப்பார், அப்போது அந்தப் 'பரவாயில்ல' உதவாது.

டொரொண்டோவில் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவன் நான். இடப்பக்கம் சிரமமா?

டவுனுக்குள் சிரமமில்லை, முன்னால் போகிற வாகனமே வழிகாட்டும். கை தவறுவது ஆளில்லாத தோட்டத்து ரோட்டிலும், பெட்ரோல் ஷெட்டை விட்டு வெளியே திரும்பும்போதும்தான். ஜப்பான் கார்களில் சிக்னல் தண்டு வலக்கைப் பக்கம் இருக்கும். முதல் நாள் முழுக்க வைப்பர்தான் ஓடும். சுற்றுவட்டத்தில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழி விடுங்கள். காருக்கு வேக எல்லை டவுனில் 50, வெளியே 70 கிலோமீட்டர். மலையில் அந்த 70 வெறும் எண், பல இடங்களில் 30க்கு மேல் போகவே முடியாது.

நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும்போது பிரேக் தீய்ந்த வாசனை வருகிறது என்கிறார்களே, ஏன்?

லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை என்று ஒரே இறக்கமாகப் போகும் ரோடு அது. வருகிறவர்கள் அதிகம் தவறு செய்வதும் அங்கேதான். காலைப் பிரேக்கில் வைத்தபடியே இறங்கினால் பிரேக் தட்டு (டிஸ்க்) சூடாகி, அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்கு ஏறும். பழைய எண்ணெயில் ஈரம் சேர்ந்திருக்கும், அது கொதித்தால் குமிழி உண்டாகும். குமிழியை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகுமே தவிர வண்டி நிற்காது.

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். மெனுவலில் இரண்டு, செங்குத்தான இடத்தில் ஒன்று. ஓட்டோமெட்டிக்கில் D-யிலிருந்து L அல்லது 2-க்கு மாற்றுங்கள். டொயோட்டா ஹைபிரிட்டில் B என்று ஓர் எழுத்து இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. இறக்கத்தில் அந்த வண்டி பேட்டரியைச் சார்ஜ் செய்தபடிதான் வேகத்தைப் பிடிக்கும்; நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிட்டால் அப்படிப் பிடிக்க முடியாது. B போட்டால் எஞ்சின் பிடிக்கும். பிரேக்கை இரண்டு மூன்று விநாடி அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். நியூட்ரலில் இறங்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கவே வேண்டாம்.

வாசனை வந்துவிட்டால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான தட்டு திடீரென்று குளிர்ந்து வளைந்துவிடும். வண்டியைக் கியரில் விட்டு, டயருக்குக் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை ஓரத்தில் தூக்கிப் போடுங்கள். நடு ரோட்டில் கிடந்தால் இரவில் வருகிற பைக்காரன் விழுவான்.

கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால் யார் ஒதுங்குவது?

நீங்கள்தான். ஒடுக்கமான இடத்தில் ஏறுகிற வண்டிக்கே முதலிடம் என்பது மலை வழக்கம், ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுப்பது கஷ்டம் என்பதால். ஆனால் ஆள் நிறைந்த பஸ்ஸுக்கும் தேயிலைக் கொழுந்து லொறிக்கும் முன்னால் சின்னக் கார்க்காரர் சட்டம் பேசாமல் இருப்பது நல்லது.

பஸ் வளையும்போது மூக்கு வெளியே தள்ளும், வால் உள்ளே வெட்டும். வளைவின் எந்தப் பக்கம் நின்றாலும் உங்கள் பாதி அதற்குத் தேவைப்படும். ஆகவே வளைவுக்குள் போய் நிற்காமல், பத்துப் பதினைந்து மீட்டர் முன்னாலேயே நின்றுவிடுங்கள். வளைவுக்கு முன் ஒரு நீள ஹோர்ன் அடித்து, பதில் ஹோர்ன் வருகிறதா என்று காது கொடுங்கள். இங்கே எதிரே லைட் மின்னினால் 'நீ வா' என்று அர்த்தமில்லை, 'நான் வருகிறேன்' என்று அர்த்தம்.

ஒதுங்கும்போது மலைப்பக்கக் கானை (வடிகாலை)ப் பாருங்கள். புல் மூடியிருக்கும். இடது டயர் ஒரு சாண் தவறினால் உள்ளே இறங்கி, வண்டியின் அடிவயிறு கல்லில் உட்கார்ந்துவிடும். பள்ளத்துப் பக்கம் என்றால் மழைக்குப் பின் தார் விளிம்பைத் தாண்டவே கூடாது.

பனிமூட்டத்தில் ஹை பீம் போடலாமா?

கூடாது. வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். டிம் போடுங்கள், ஃபொக் லைட் இருந்தால் அதையும் சேர்த்து. கண்ணாடி உள்ளே மங்கினால் ஏ.சி. போட்டால் தெளியும்.

மழைக்காலத்தில் பனியை விட மண்சரிவுக்கே பயப்பட வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலை மலையகம் மறக்காது. கிளம்பு முன் உங்கள் வழிக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு மண்சரிவு எச்சரிக்கை ஏதும் உண்டா என்று பார்க்கவும். மேட்டிலிருந்து கலங்கல் தண்ணீர் புதிதாகப் பீறிட்டாலோ சின்னக் கற்கள் உருண்டாலோ படம் எடுக்க நிற்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

பொலிஸ் தண்டம் எழுதினால்?

சீட்டை வாங்கி, தபால் கந்தோரில் 14 நாட்களுக்குள் கட்டுங்கள். கையில் காசு நீட்டாதீர்கள். முன் சீட்டில் இருவருக்கும் பெல்ட் கட்டாயம்.

தலவாக்கலைக்குப் போனில் குறுக்கு வழி காட்டுகிறதே?

அது நானுஓயா அருகே ரதல்லை குறுக்குப் பாதையாக இருக்கும். தூரம் குறைவு, இறக்கம் கொடியது. 2023 ஜனவரியில் அங்கே பஸ் ஒன்று வேனோடு மோதி ஏழு பேர் இறந்தார்கள். போனுக்குத் தூரம் மட்டும்தான் தெரியும். பிரதான ரோட்டிலேயே போங்கள். தோட்டத்து ரோட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டால், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கம் யாரிடமாவது "அண்ணே, கார் போகுமா?" என்று கேளுங்கள். முதலில் உங்கள் காரின் அடிப்பக்க உயரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.