‘மிஸ்டர்’ யாருக்கு, ‘பாய்’ யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஜான் லூயிஸின் இளமைக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். 1940இல் அமெரிக்காவின் தெற்கே உள்ள அலபாமா மாநிலத்தில், ட்ராய் என்ற ஊருக்கு வெளியே ஒரு பருத்தி விவசாயக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினச் சிறுவன். கோழிகளுக்குப் பிரசங்கம் செய்து வளர்ந்தவன். பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கின் பக்கத்தில் நின்று கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடி, 33 ஆண்டுகள் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, 2020இல் மறைந்தார். இரண்டு பக்கக் குறிப்புக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மற்ற கேள்விகள் அடுத்த மாதம் வரை பொறுக்கட்டும்.

கேள்வி: தெற்கத்திப் பண்ணைகளில் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் சேர்ந்தே விளையாடினார்கள் என்று படித்திருக்கிறேன். அப்புறம் எப்போது பிரிந்தார்கள்?

லூயிஸைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே எழவில்லை. ஆறு வயதுக்குள் அவர் பார்த்த வெள்ளைக்காரர்கள் இரண்டே பேர்: தபால்காரர் ஒருவர், சாமான் விற்க வருபவர் ஒருவர். ஆனால் மிசிசிப்பி டெல்டா மாதிரியான பெரிய பண்ணைப் பகுதிகளில் நீங்கள் சொல்வது நடந்திருக்கிறது. ஒரே ஓடையில் மீன் பிடித்திருக்கிறார்கள், ஒரே மரத்தில் ஏறியிருக்கிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை.

அதன் பிறகு சண்டை எதுவும் வராது. கறுப்பினப் பையனை அம்மாவோ பாட்டியோ ஒரு நாள் கூப்பிட்டு, இனிமேல் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடாதே, மிஸ்டர் போட்டுக் கூப்பிடு என்று சொல்லிவிடுவாள். நேற்று வரை டாம், இன்றைக்கு மிஸ்டர் டாம். அந்த டாமும் மறுக்க மாட்டான். அவன் வீட்டிலும் அதே பாடத்தைச் சொல்லியிருப்பார்கள்.

தமிழில் நீ, நீங்கள், வா, வாருங்கள் என்று மரியாதையை வினைச்சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் இருப்பது ‘யூ’ ஒன்றுதான். அதனால் மொத்தப் பாரமும் மிஸ்டர், மிஸ், சார், மேடம் என்ற நாலைந்து சொற்களின் தலையில் விழுகிறது. வெள்ளைக்காரர் கேட்டதற்கு வெறும் ‘ஆமாம்’ என்று சொன்ன சிறுவன் திமிர் பிடித்தவன். ‘ஆமாம் சார்’ என்றால்தான் பிழைத்தான்.

இன்னொன்று. நிறப் பிரிவினை என்றதும் நமக்குக் குடிநீர்க் குழாய் மேல் தொங்கும் ‘வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்’ பலகைதான் நினைவுக்கு வரும். அது பெரும்பாலும் நகரத்துச் சங்கதி. பருத்திக்காட்டு ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், பலகைக்கு அவ்வளவாக வேலை இல்லை. எதிரே வெள்ளைக்காரர் வந்தால் நடைபாதையை விட்டு இறங்கு. வீட்டுக்குப் போனால் பின்வாசலுக்குப் போ. கடையில் உனக்குப் பின்னால் வந்தவர் வாங்கி முடிக்கும் வரை நில். செருப்பைப் போட்டுப் பார்க்காதே. பாதத்தைக் காகிதத்தில் வரைந்து கடைக்கு எடுத்துப் போன கதையை எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். இதில் பாதியைச் சட்டப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. ஆனால் பத்து வயதுப் பையனுக்கு அத்தனையும் மனப்பாடம்.

கேள்வி: ‘பாய்’ என்றால் பையன்தானே? அதில் என்ன இழிவு?

இதில் நானே சறுக்கியவன். அந்தக் காலத்து நினைவுக் குறிப்புகளை மொழிபெயர்க்க ஆரம்பித்த புதிதில், ஒரு வெள்ளைக்காரக் கடைக்காரர் நாற்பது வயதுக் கறுப்பரை ‘பாய்’ என்று கூப்பிடும் இடத்தில் ‘தம்பி’ என்று எழுதிவிட்டேன். கைப்பிரதியைப் படித்த நண்பர், ஓரத்தில் பென்சிலால் ‘யாருடைய தம்பி?’ என்று கேட்டு அனுப்பினார். வெட்கமாகப் போய்விட்டது. தமிழில் தம்பி என்றால் பாசம் வந்து ஒட்டிக்கொள்கிறது, கடைக்காரர் நல்லவராகிவிடுகிறார். அப்புறம் ‘டேய்’ என்று மாற்றினேன். கொஞ்சம் கிட்டே வந்தது.

கறுப்பின ஆண் எத்தனை வயதானாலும் பாய். தலை நரைத்த பிறகு ‘அங்கிள்’. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ‘மிஸ்டர்’ அவன் வாழ்க்கையில் வருவதே இல்லை. வெள்ளைக்காரச் சிறுவன் பதின்மூன்று வயதில் பெற்றுக்கொள்வதை இவன் எழுபதிலும் பெறமாட்டான்.

பெண்களுக்கும் இதே கதைதான். 1963இல் அலபாமாவின் கேட்ஸ்டன் நகர நீதிமன்றத்தில் மேரி ஹாமில்டன் என்ற போராளியை அரசு வழக்கறிஞர் ‘மேரி’ என்று அழைத்தார். மிஸ் ஹாமில்டன் என்று கூப்பிட்டால்தான் பதில் சொல்வேன் என்றார் அவர். நீதிமன்ற அவமதிப்பு என்று 50 டாலர் அபராதம், ஐந்து நாள் சிறை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1964இல் அந்தத் தண்டனை ரத்தானது. ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் ‘மிஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்காக உட்கார வேண்டியிருந்தது!

கேள்வி: வெள்ளைக்காரர்களிலும் பரம ஏழைகள் இருந்தார்களே, அவர்களும் குத்தகைக்குத்தானே உழுதார்கள்? இதை ஏன் நிறப் பிரச்சினை ஆக்குகிறீர்கள்?

நியாயமான கேள்வி. லட்சக்கணக்கான வெள்ளைக்காரர்களும் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு உழுதார்கள், கடனில் மூழ்கினார்கள். நிலம், குடிசை, கோவேறு கழுதை, விதை எல்லாம் முதலாளியுடையது. உழைப்பு குடும்பத்தினுடையது. விளைச்சலில் பாதிப் பாதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உழவு தொடங்கி அறுவடை வரை மாவு, பன்றிக்கொழுப்பு, மண்ணெண்ணெய் என்று எல்லாமே வட்டியோடு கடன். இந்த முன்பணத்துக்கு ‘ஃபர்னிஷ்’ என்று பெயர். ஆண்டுக் கடைசியில் கணக்குத் தீர்ப்பது ‘செட்டில்’. கணக்குப் புத்தகம் முதலாளியிடம் மட்டும்.

வித்தியாசம் அந்த மேசைக்கு முன்னால்தான் தெரியும். ஏழை வெள்ளைக்காரர் குரலை உயர்த்தலாம், வழக்குக்குப் போகலாம், ஜூரியில் உட்காரலாம். கறுப்பர், “இந்த வருஷம் கிட்டத்தட்டக் கடன் அடைந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி” என்று முதலாளி சொல்வதைத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டு வர வேண்டும்.

இங்கே ஒரு காட்சி பல நினைவுக் குறிப்புகளில் வெவ்வேறு விதமாக வருகிறது. பள்ளியில் கணக்குப் படித்த பையன் அப்பாவோடு போகிறான். எத்தனை மூட்டை, என்ன விலை என்று மனசுக்குள் கூட்டிப் பார்க்கிறான். தொகை உதைக்கிறது. வாயைத் திறக்கப் போகிறான், அப்பாவின் கை தோளில் அழுத்துகிறது. அன்றைக்குப் பையனுக்குத் தெரிந்தது கணக்குத் தப்பு என்பது மட்டுமல்ல. அப்பாவுக்கும் அது தெரியும், எத்தனையோ வருஷமாகத் தெரியும். எனக்கு இந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் பையனைவிட அந்தக் கைதான் நினைவில் நிற்கிறது.

லூயிஸின் பெற்றோர் இந்த வலையிலிருந்து தப்பியவர்கள். 1944இல் 300 டாலர் சேர்த்து 110 ஏக்கர் வாங்கினார்கள். அவருக்கு அப்போது நான்கு வயது.

கேள்வி: பருத்தி எடுக்கும் பருவத்தில் பள்ளியையே மூடினார்களா?

பல இடங்களில் மூடினார்கள், பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியை. மிசிசிப்பி டெல்டாவில் பருத்தி எடுக்கும் இலையுதிர் காலத்தில் அடைத்துவிட்டு, வயலில் வேலை ஓய்ந்திருக்கும் ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் திறப்பது 1950களிலும் நடந்தது. பாடப் புத்தகம் வெள்ளைக்காரப் பள்ளியில் கிழிந்து தள்ளியது. அட்டையைத் திறந்தால் முன்னால் படித்தவர்களின் பெயர் வரிசையாக இருக்கும்.

கட்டடம் மட்டும் சில ஊர்களில் நன்றாக இருந்தது. சியர்ஸ் என்ற பெரிய வணிக நிறுவனத்தை நடத்திய ஜூலியஸ் ரோசன்வால்டும் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனும் தொடங்கிய திட்டத்தில் 1932க்குள் 15 மாநிலங்களில் 5,300க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எழுந்தன. ரோசன்வால்டு ஒரு பங்குதான் கொடுப்பார். மீதிக்கு ஊர்க்காரர்கள் காசு, மரம், உழைப்பு என்று போட வேண்டும். ஏற்கெனவே வரி கட்டியவர்கள்தான் அவர்கள், அதே பள்ளிக்கு இரண்டாம் தடவை கொடுத்தார்கள். மின்சாரம் கிடையாது என்பதால் ஜன்னல்களை மிகப் பெரிதாக வைத்தார்கள். லூயிஸ் படித்ததும் அப்படி ஒரு பள்ளியில்தான்.

அவர் செய்த குறும்பு எனக்குப் பிடித்தது. வயலில் ஆள் வேண்டும், இன்றைக்குப் பள்ளி வேண்டாம் என்று வீட்டில் சொன்னால், விடியற்காலையில் உடுத்திக்கொண்டு திண்ணைக்கு அடியில் ஒளிந்துகொள்வார். பள்ளிப் பேருந்தின் சத்தம் கேட்டதும் ஒரே ஓட்டம்! சாயங்காலம் திட்டு விழும். நம் ஊர்க் கதைகளில் பையன்கள் பள்ளிக்குப் போகாமலிருக்க ஒளிவார்கள். இவர் போவதற்காக ஒளிந்தார்.

1956இல், 16 வயதில், ஊர்ப் பொது நூலகத்தில் உறுப்பினர் அட்டை கேட்டார். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். 1998இல் அதே நூலகம் அவரை விழாவுக்கு அழைத்து அட்டையைக் கொடுத்தது.

கேள்வி: அந்தக் கோழிகளை அவர் சாப்பிட்டாரா?

மறுத்துவிட்டார். பெற்றோர் கோழியைக் கறியாக்கினாலோ, மாவுக்கு மாற்றாகக் கொடுத்தாலோ அவர்களோடு பேசாமல் இருந்து எதிர்ப்பைக் காட்டுவாராம். அவருடைய முதல் அறப்போராட்டம் அதுதான் என்று அவரே வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

கேள்வி: ‘மிஸ்டர்’ பட்டமே கிடைக்காத சமூகத்தில் ஒரு பையன் பெரியவன் ஆனான் என்பதை யார் முடிவு செய்தார்கள்?

வெள்ளைக்காரர்கள் பார்க்காத இடங்களில் முடிவானது. ஒன்று தராசு. ஒன்பதடிச் சாக்கைத் தோளில் மாட்டி இழுத்துக்கொண்டு, முள் மாதிரி குத்தும் காய் ஓட்டிலிருந்து பஞ்சை உருவ வேண்டும். ஒரே நாளில் நூறு பவுண்டு எடுத்த பையனைப் பெரியவர்கள் வேறு மாதிரி பார்ப்பார்கள். நல்ல ஆள் இருநூறு, முந்நூறு எடுப்பார். நூறு என்பது வாசல்.

இன்னொன்று தேவாலயத்தின் முதல் பெஞ்சு. களை வெட்டு முடிந்து பருத்தி வெடிக்கும் வரை சில வாரம் ஓய்வு. அப்போது இரவு தோறும் எழுப்புதல் கூட்டம் நடக்கும். பன்னிரண்டு வயதையொட்டிய பிள்ளைகளை முன்வரிசை ‘துக்கப் பெஞ்சில்’ உட்கார வைப்பார்கள். ஊரே சுற்றி நின்று பாடும், அழும், ஜெபிக்கும். மனதில் ஏதோ நடந்துவிட்டது என்று பிள்ளை எழுந்து நிற்கும் வரை விடமாட்டார்கள். நடக்காமலே எழுந்து நின்றதாக வளர்ந்த பிறகு ஒப்புக்கொண்டவர்களும் உண்டு. பெஞ்சு கடினம், பாட்டி பார்த்துக்கொண்டிருக்கிறாள், என்ன செய்ய? பிறகு ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடையில் ஆற்றிலோ குளத்திலோ ஞானஸ்நான முழுக்கு. அதன் பிறகு செய்கிற பாவம் அவன் கணக்கில்தான் எழுதப்படும். தேவாலயத்துக்குள் அவன் ‘பிரதர்’. அவன் அப்பா ‘டீக்கன்’, அதாவது சபையின் பொறுப்பாளர். ஞாயிறு மூன்று மணி நேரமாவது அவர்களுக்குப் பட்டம் இருந்தது.

கேள்வி: எம்மெட் டில் கொலையைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லையே?

சிறுவனின் கதையாக ஆரம்பித்ததால் தள்ளிப்போட்டேன், சரியல்ல. சிகாகோவில் வளர்ந்த 14 வயது எம்மெட், 1955 ஆகஸ்ட்டில் உறவினர் வீட்டுக்கு மிசிசிப்பியின் மணி என்ற சிற்றூருக்கு வந்தான். தெற்கில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். பிறந்ததிலிருந்து பழகிய பையனுக்கு உடம்பில் ஊறிய பாடம், இவனுக்கு ரயிலேறும் முன் கிடைத்த அறிவுரை. கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் முறை தவறி நடந்தான் என்று சொல்லி, நள்ளிரவில் தூக்கிப் போய்க் கொன்றார்கள்.

தாத்தா முறையான மோசஸ் ரைட், வாரத்துக்கு உழுதவர், வயது 64. நீதிமன்றத்தில் எழுந்து நின்று, பையனைத் தூக்கிப் போனவர்களை விரல் நீட்டிக் காட்டினார். மிசிசிப்பியில் ஒரு கறுப்பர் வெள்ளைக்காரர் மேல் விரல் நீட்டுவது உயிரைப் பணயம் வைப்பது. அவருக்குச் சாதகமாக வாதாட வேண்டிய அரசு வழக்கறிஞரே அவரை ‘அங்கிள் மோஸ்’ என்றுதான் கூப்பிட்டார். முழுக்க வெள்ளைக்காரர்களாலான ஜூரி 67 நிமிடத்தில் குற்றவாளிகளை விடுவித்தது. ரைட் பருத்திக்காட்டை அப்படியே விட்டுவிட்டு சிகாகோ போய்ச் சேர்ந்தார். லூயிஸுக்கு அப்போது 15 வயது. மறையும் முன் எழுதிய கடைசிக் கட்டுரையிலும் அவர் எம்மெட்டைத்தான் நினைத்துக்கொண்டார்.

கேள்வி: மெம்ஃபிஸ் துப்புரவுத் தொழிலாளர்கள் ஏந்திய பலகையை ‘நான் ஒரு மனிதன்’ என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். நாங்கள் என்ன விலங்குகளா என்ற பொருள்தானே?

பாதிப் பொருள்தான். 1968 பிப்ரவரியில் குப்பை லாரியின் அமுக்குப்பெட்டியில் இரண்டு தொழிலாளர்கள் நசுங்கிச் செத்த பிறகு, 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். சுற்றியுள்ள பருத்திக்காடுகளிலிருந்து நகரத்துக்கு வந்தவர்கள் அவர்களில் நிறைய. பலகையில் ‘ஐ ஆம் எ மேன்’. ‘மேன்’ என்றால் மனிதன், வளர்ந்த ஆண் இரண்டும். ‘பாய்’க்கு எதிர்ச்சொல். ‘நான் ஆம்பிளை’ என்று போட்டால் மீசை முறுக்குகிற மாதிரி இருக்கிறது. ‘நான் பையன் அல்ல’ என்றால் சிரிப்பு வரும். கடைசியில் மனிதன் என்றே விட்டுவிட்டு, அடிக்குறிப்பு போட்டேன். உங்களுக்குச் சிறந்த சொல் தோன்றினால் எழுதுங்கள், அடுத்த பதிப்பில் சேர்க்கிறேன்.

முதலில் சறுக்கிய ‘தம்பி’யை ஓரிடத்தில் மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். 1958இல் 18 வயது லூயிஸ் மான்ட்கோமரிக்குப் போய் கிங்கை முதல்முறையாகச் சந்தித்தார். கிங் அவரை ‘த பாய் ஃப்ரம் ட்ராய்’ என்று அழைத்தார். அதே ‘பாய்’. ‘ட்ராய் ஊர்த் தம்பி’ என்று எழுதினேன். நண்பர் இந்த முறை ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை.