மண் வளமும் ஈரமும் பெருக, இயற்கையாக என்ன செய்யலாம்?

ரசாயன உரம் இல்லாமல் மண்ணைத் தேற்ற முடியுமா, பாய்ச்சிய தண்ணீர் இரண்டே நாளில் காய்ந்துவிடுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், மண்ணில் மக்கு, அதாவது மக்கிய இலைதழையும் சாணமும், சேர வேண்டும்.

முதல் வேலையாக, மண்ணை வெயிலில் வெறுமனே கிடக்க விடாதீர்கள். காய்ந்த இலை, வைக்கோல், அறுவடைக் கழிவு என எது கிடைத்தாலும் 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் குவிக்க வேண்டாம், அழுகிவிடும். சில நாள் கழித்து நண்பகலில் அதை விலக்கித் தொட்டுப் பாருங்கள், வெளியே மண் சுடும்போது அடியில் ஈரமாக, குளுகுளுவென்று இருக்கும்.

அப்புறம் பசுந்தாள் உரம். என்னைக் கேட்டால் இதற்கு ஈடு எதுவும் இல்லை. சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கத் தொடங்கும்போது, சுமார் 45 நாளில், மடக்கி உழுதுவிடுங்கள். முற்றவிட்டால் தண்டு நாராகி மக்க நாளாகும். உழுவதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனை அது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நிறையப் பேர் செய்யும் தப்பு, காய்ந்த வைக்கோலை அப்படியே உழுது புதைப்பது. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனையும் இழுத்துக்கொள்வதால் பயிர் கொஞ்ச நாள் வெளுத்து நிற்கும். மேலாகப் பரப்பினால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

தொழுவுரம் நன்றாக மக்கியதாக இருக்கட்டும். சரிவான நிலமென்றால் சரிவுக்குக் குறுக்கே உழுங்கள், மழைநீர் ஓடாமல் நின்று இறங்கும்.